நீமோவைத் தேடிய தந்தை

கார்ட்டூன் என்றால் அது சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்பதே நம்மில் பலரது எண்ணம். வீட்டில் தம்பி, தங்கைகள் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று தொலைக்காட்சியில் ஒன்றைப் போட்டுவிட்டு நாம் நமது வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடந்த தவணை விடுமுறையில் ஒரு நாள், என் தம்பிக்காக 'ஃபைண்டிங் நீமோ' என்ற திரைப்படத்தைப் போட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் புத்தகம் மூடப்பட்டுவிட்டது. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த உம்மாவும் கையில் அகப்பையுடன் கதவருகே நின்றுவிட்டார். மூவரும் முடியும்வரை பார்த்தோம்.

படம் முடிந்த பிறகு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விடயம் விளங்கியது. நாங்கள் மூவரும் பார்த்தது ஒரே கதையை அல்ல. தம்பி பார்த்தது சுறாக்களிடமிருந்து தப்பி ஓடும் மீன்களின் கதையை. நான் பார்த்தது, எதற்கும் விடாத ஒரு தகப்பனிடம் வளரும் பிள்ளையின் கதையை. உம்மா பார்த்தது, பிள்ளையைத் தொலைத்துவிட்ட ஒரு தகப்பனின் கதையை. "பாவம் அந்த மனிசன்" என்று அவர் ஒரு மீனுக்காகச் சொன்னது எனக்குச் சிரிப்பாக இருந்தாலும், பிறகு நெடுநேரம் யோசிக்க வைத்தது.

பிள்ளைகளும் பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பின்னர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டிய படம் இது. அதில் எனக்கு விளங்கியவற்றை இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

படம் பிறந்த விதம்

'ஃபைண்டிங் நீமோ' அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தின் தயாரிப்பாக 2003ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். இணை இயக்குநர் லீ அன்க்ரிச். சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதை 2004ஆம் ஆண்டில் இது பெற்றது.

இந்தக் கதை தோன்றிய விதத்தை ஸ்டான்டன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வேலை மிகுதியால் மகனோடு இருக்க நேரம் கிடைக்காத காலத்தில், ஒரு நாள் அவனைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றாராம். மகனோடு பேசி மகிழ வேண்டிய அந்த நேரம் முழுவதையும் "அதைத் தொடாதே", "கவனம்", "விழுந்துவிடுவாய்" என்று சொல்லியே கழித்துவிட்டார். பிள்ளை மீதுள்ள பயமே தன்னை நல்ல தகப்பனாக இருக்கவிடாமல் தடுக்கிறது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் கடலுக்குள் ஒரு கதையாக மாறியது.

கதைச் சுருக்கம்

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகச் சுமார் 2300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மாபெரும் முருகைக் கற்பாறைத் தொடர் இருக்கிறது. அங்கே மார்லின், கோரல் என்ற கோமாளி மீன் தம்பதியர் புதிதாகக் குடியேறுகிறார்கள். நானூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் பொரிக்கக் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் ஒரு பெரிய சீலா மீன் தாக்குகிறது. மயங்கி விழுந்த மார்லின் கண் விழிக்கும்போது மனைவியும் இல்லை, முட்டைகளும் இல்லை. இலேசாக வெடித்த ஒரேயொரு முட்டை மட்டும் மீதமாக இருக்கிறது. அதைப் பார்த்து, உனக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைதான் நீமோ. அவனுடைய ஒரு பக்கத்துச் செட்டை சிறுத்துப் போயிருக்கிறது.

நீமோ பாடசாலைக்குப் போகும் முதல் நாளிலேயே மார்லின் பின்னால் போகிறார். நண்பர்கள் முன்னிலையில், உன்னால் நீந்த முடியாது என்று சொல்லிவிடுகிறார். அவமானமும் கோபமும் கொண்ட நீமோ, தகப்பனை வெறுப்பதாகச் சொல்லிவிட்டு, தடுத்தும் கேட்காமல் ஆழ்கடலில் நிற்கும் படகை நோக்கி நீந்துகிறான். போய்த் தொட்டும் விடுகிறான். திரும்பும் வழியில் ஒரு சுழியோடி அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார். அவன் போய்ச் சேருமிடம் சிட்னி நகரில் ஒரு பல் வைத்தியரின் மீன் தொட்டி.

வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சிய மார்லின், மகனைத் தேடிக் கடலைக் கடக்கப் புறப்படுகிறார். வழியில் எதையும் உடனே மறந்துவிடும் நீல நிற மீனான டோரி துணையாகச் சேர்கிறாள். சுறாக்கள், ஜெலி மீன்கள், கடலாமைகள், ஒரு திமிங்கிலம் என்று எல்லாவற்றையும் கடந்து அவர்கள் சிட்னியை அடைவதும், தகப்பனும் மகனும் மீண்டும் சேர்வதும்தான் கதை.

மனதைக் கவர்வது எது?

முதலாவதாகச் சொல்ல வேண்டியது கடலின் அழகு. கடல்நீரில் வெளிச்சம் எப்படி ஆடும், மீன் எப்படித் திரும்பும், செட்டை எப்படி அசையும் என்பவற்றையெல்லாம் இக்குழுவினர் படித்தறிந்தே வரைந்தார்கள். மீன்கள் நீந்தும் முறை பற்றி அவர்களுக்கு விளக்கமளிக்க ஆடம் சமர்ஸ் என்ற மீனியல் ஆய்வாளர் ஆலோசகராக இருந்தார். எனவேதான் இந்த மீன்கள் மனிதர்களைப் போலப் பேசினாலும் மீன்களாகவே நீந்துகின்றன.

இரண்டாவது, கதைக்குத் தெரிவு செய்த மீன். கோமாளி மீனின் வீடு கடற்சாமந்தி. அதன் உணர்கொம்புகள் மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளி மீனின் உடலில் உள்ள வழுவழுப்பான சளிப்படலமோ அதைக் காப்பாற்றுகிறது. அதனால் அது பெரும்பாலும் தன் கடற்சாமந்தியை விட்டுத் தூரம் போவதில்லை. வீட்டை விட்டு நகராத இயல்புள்ள ஒரு மீனைக் கடலைக் கடக்க வைத்திருப்பதுதான் கதையின் சிறப்பு. காலையில் வெளியே வந்து பார்த்து, மீண்டும் உள்ளே போய், மீண்டும் வெளியே வந்து, பாதுகாப்புத்தானா என்று மார்லின் உறுதிசெய்யும் காட்சியைப் பார்த்துத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கேற்றைப் பூட்டிவிட்டு மறுபடியும் போய் இழுத்துப் பார்க்கும் எங்கள் வாப்பா எனக்கு நினைவுக்கு வந்தார்.

மூன்றாவது, இக்கதையில் ஒரு வில்லன் இல்லை. சீலா மீன் பசிக்காகத் தின்கிறது. பல் வைத்தியர் கெட்டவர் அல்லர். முருகைக் கற்பாறையில் தத்தளித்த மீனைக் காப்பாற்றியதாகவே நினைக்கிறார். மார்லினை உண்மையில் தடுப்பது அவருக்குள்ளேயே இருக்கும் பயம்தான். அந்தப் பயத்துக்கும் ஒரு நியாயமான காரணம் உண்டு என்பதைப் படம் முதல் சில நிமிடங்களிலேயே காட்டிவிடுகிறது. அதனால் நம்மால் அவரைக் கோபித்துக்கொள்ள முடிவதில்லை.

பெற்றோருக்கு ஒரு பாடம்

மார்லின் செய்த தவறு பயந்தது அல்ல. தன் பயத்தைப் பிள்ளையின் குறையாக மாற்றியதுதான். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "உன்னால் முடியாது" என்று சொல்லிவிட்டார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கேட்கும் பிள்ளைக்கு அவை ஒன்றல்ல. முதலாவதைக் கேட்ட பிள்ளை தகப்பனின் அன்பை உணரும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை ஒன்று தன்னைப் பற்றியே சந்தேகப்படும், அல்லது நீமோவைப் போல முடியும் என்று காட்டுவதற்காகவே ஆபத்தில் போய் விழும்.

மீன் தொட்டியில் நீமோ சந்திக்கும் கில் என்ற மீனை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கில்லுக்கும் ஒரு செட்டை சேதமடைந்திருக்கிறது. நீமோ ஒரு குழாய்க்குள் சிக்கிக்கொண்டபோது மற்ற மீன்கள் உதவிக்கு ஓடி வருகின்றன. கில் அவர்களைத் தடுத்து, எப்படி வெளியே வரலாம் என்று வழி மட்டும் சொல்லிக் கொடுக்கிறார். நீமோ தானாகவே வெளியே வருகிறான். ஆனால் கில்லையும் படம் முழுமையான முன்மாதிரியாகக் காட்டவில்லை. தப்பிக்கும் அவசரத்தில் தொட்டியின் வடிகட்டிக்குள் நீமோவை அனுப்பி, அவனது உயிருக்கே ஆபத்தை உண்டாக்கிவிடுகிறார், பிறகு வருந்துகிறார். பிள்ளையை அடியோடு தடுப்பதும் தவறு, ஆயத்தமில்லாமல் ஆபத்தில் தள்ளுவதும் தவறு என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் எப்போது விடுவது? இந்தக் கேள்வியை மார்லினே கேட்கிறார். கடலாமைகளோடு ஒரு பெரிய நீரோட்டத்தில் போகும்போது, குட்டி ஆமையொன்று நீரோட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறது. மார்லின் பதறி ஓடப் பார்க்கிறார். தகப்பன் ஆமையோ, பொறுங்கள், அவன் என்ன செய்கிறான் பார்ப்போம் என்கிறது. குட்டி தானாகவே திரும்பி வந்து சேர்கிறது. பிள்ளை தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று மார்லின் கேட்கும்போது, அது நிச்சயமாகத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும்போது நமக்கும் தெரியும் என்ற கருத்தில் ஆமை பதில் சொல்கிறது.

நான் முதலில் இதை அக்கறையில்லாத தகப்பனின் பதில் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன்: அந்த ஆமை அலட்சியமாக வேறெங்கோ பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. தன் குட்டி போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறது. கைவிடுவது வேறு, கையை விடுவது வேறு.

பிள்ளைகளுக்கும் ஒரு பாடம்

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, பெற்றோர் விட வேண்டும்" என்று மட்டும் சொன்னால் நாம் பாதிப் படத்தையே பார்த்திருக்கிறோம் என்று அர்த்தம். நீமோ பிடிபட்டது தகப்பன் தடுத்ததால் மட்டுமல்ல. கோபத்தில் அவன் சொல் கேளாமல் போனதாலும்தான். கடலில் ஆபத்து இருக்கிறது என்று மார்லின் சொன்னது பொய்யல்ல.

கோபத்தில் சொன்ன அந்த ஒரு சொல்லும் இருவருக்கும் இடையில் கடலைப் போலக் கிடக்கிறது. வெறுப்பதாகச் சொன்னதுதான் மகன் தகப்பனிடம் கடைசியாகப் பேசியதாக இருந்திருக்கலாம். இறுதியில் நீமோ திருத்துவதும் அதைத்தான்: நான் உங்களை வெறுக்கவில்லை என்கிறான். நாமும் வீட்டில் எத்தனையோ முறை கதவை அடித்துச் சாத்திவிட்டு அறைக்குள் போயிருக்கிறோம். அந்தச் சொற்களைத் திரும்பப் பெற எப்போதும் ஒரு நாள் கிடைக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. தகப்பன் தன்னைத் தேடிக் கடல் கடந்து வருகிறார் என்ற செய்தி, கூழைக்கடா ஒன்றின் வாயிலாகத் தொட்டிக்குள் இருக்கும் நீமோவுக்குக் கிடைக்கிறது. முதலில் அவனால் நம்பவே முடியவில்லை. அவனுக்குத் தெரிந்த வாப்பா வாசலைத் தாண்டவே பயப்படுபவர். நமக்குத் தெரிந்த பெற்றோரும் நாம் அன்றாடம் காணும் ஒரு பக்கம் மட்டும்தான். நமக்காக அவர்கள் கடந்த கடல்களை அவர்கள் நம்மிடம் சொல்வதில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகுதான், முன்பு பயந்து விட்ட வேலையை நீமோ மறுபடியும் துணிந்து செய்கிறான். தன்மீது ஒருவர் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறார் என்று அறிவதே ஒரு பிள்ளைக்குப் பலமாகிறது.

வலைக்குள் ஒரு முடிவு

படத்தின் மிக முக்கியமான இடம் கடைசியில் வருகிறது. தகப்பனும் மகனும் சேர்ந்துவிட்டார்கள். கதை முடிந்தது என்று நாம் நினைக்கும்போது, டோரியும் ஒரு மீன் கூட்டமும் மீன்பிடி வலையில் அகப்பட்டுவிடுகின்றன. எல்லா மீன்களையும் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்தச் சொன்னால் தப்பலாம் என்று நீமோவுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவன் வலைக்குள் போக வேண்டும். மார்லின் முடியாது என்று மறுக்கிறார். இப்போதுதான் கிடைத்த பிள்ளையை எந்தத் தகப்பன் விடுவார்?

ஆனால் நீமோ இம்முறை கோபப்படவில்லை. தன்னால் முடியும் என்று பணிவோடு எடுத்துச் சொல்கிறான். மார்லினும் இம்முறை "உன்னால் முடியாது" என்று சொல்லவில்லை. உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். ஆரம்பக் காட்சியில் இருவரும் செய்த இரண்டு தவறுகளும் இந்த இடத்தில் திருத்தப்படுகின்றன. மகன் வலைக்குள் போகிறான். தகப்பன் வெளியே நின்று மீன்களுக்கெல்லாம் அதையே சொல்லி உதவுகிறார். வலை அறுந்து அனைவரும் தப்புகிறார்கள். உம்மா அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தது இந்த இடத்தில்தான்.

மூஸா நபியின் தாயும் சகோதரியும்

இதைப் பார்த்தபோது எனக்குச் சூரத்துல் கஸஸில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஆண் குழந்தைகளைப் பிர்அவ்ன் கொன்றுகொண்டிருந்த காலம். குழந்தையை ஆற்றில் இடுமாறும், அஞ்சவோ கவலைப்படவோ வேண்டாம் என்றும் அல்லாஹ் அந்தத் தாயின் உள்ளத்தில் உதிப்பாக்கினான். அவர் அவ்வாறே செய்தார். ஆனாலும் அவரது உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று அல்குர்ஆன் கூறுகிறது. அல்லாஹ்வின் வாக்குறுதி இருந்தும் தாயின் மனம் துடித்தது. அந்தத் துடிப்பை அல்லாஹ் குறையாகச் சொல்லவில்லை, அவரது உள்ளத்தை உறுதிப்படுத்தினான்.

அத்தோடு அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. தன் மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார். அந்தப் பெண்பிள்ளை யாரும் அறியாதவாறு தூரத்திலிருந்து கவனித்தாள். தக்க நேரத்தில் புத்தியோடு பேசி, தம்பி மீண்டும் தாயின் மடிக்கே வந்து சேர வழி செய்தாள். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு வழிகாட்டிய ஹதீஸ் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. தவக்குல் என்பது முயற்சி செய்யாமல் இருப்பதும் அல்ல, முயற்சி செய்த பிறகும் பயத்தால் எதையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அல்ல. ஒரு திரைப்படம் இரண்டு மணி நேரத்துக்குள் சொல்ல முயல்வதை நமது மார்க்கம் எப்போதோ நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

எங்கள் வீட்டில்

இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் ராத்தாவுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் முழுவதும் பயணம் செய்ய வேண்டிய தூரம். கடிதம் வந்த நாள் வீட்டில் சந்தோசமும் இருந்தது, மௌனமும் இருந்தது. "பொம்பிளப் பிள்ள, அவ்வளவு தூரத்துக்கு எப்படி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வாப்பா பல நாட்கள் ஒன்றும் பேசவில்லை. ராத்தா அழுதார், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. எங்கே தங்குவது, யாரோடு போவது, எப்போது வருவது என்று ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் கொடுத்தார்.

வாப்பா அந்தத் தாளோடு ஒருநாள் தனியாகப் புறப்பட்டுப் போனார். விடுதியைப் பார்த்தார். அங்கே படிக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளோடு பேசினார். பள்ளிவாசல் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். திரும்பி வந்து, "போகட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்தார். இன்றும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு ராத்தாவுக்குத் தொலைபேசி எடுக்காமல் அவர் சாப்பிட உட்காருவதில்லை. அவருடைய பயம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடுதான் விட்டிருக்கிறார். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு இந்தப் படத்தைப் பார்த்த பிறகே விளங்கியது.

அடுத்த வருடம், இன்ஷா அல்லாஹ், அதே கேள்வி என்னைப் பற்றியும் எங்கள் வீட்டில் எழும். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பல சகோதரிகளின் வீடுகளிலும் எழும். எல்லா வீட்டிலும் ஒரே பதில் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதனதன் நிலைமை இருக்கிறது. ஆனால் அந்த நாளில் பெற்றோர் "உன்னால் முடியாது" என்று சொல்லாமல், "எனக்குப் பயமாக இருக்கிறது மகள்" என்று சொல்லட்டும். நாமும் கதவைச் சாத்தாமல், அந்தப் பயத்துக்குப் பொறுமையோடு பதில் சொல்லும் பிள்ளைகளாக இருப்போம். அவர்களின் நம்பிக்கையைக் கேட்டுப் பெறும் முன்னர், அதற்குத் தகுதியானவர்களாக நம்மை ஆக்கிக்கொள்வோம்.

படத்தின் முடிவில் நீமோ மறுபடியும் பாடசாலைக்குப் போகிறான். மார்லின் இம்முறை பின்னால் போகவில்லை. போய் வா என்று வழியனுப்புகிறார். கொஞ்சத் தூரம் போன நீமோ திரும்பி ஓடி வந்து தகப்பனைக் கட்டிக்கொண்டு, பிறகு போகிறான். விட்டால் பிள்ளை போய்விடும் என்று பயந்த அந்தத் தகப்பனுக்கு, விட்ட பிறகுதான் பிள்ளை தானாகத் திரும்பி வருகிறது.

வரும் விடுமுறையில் இந்தப் படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகு, யார் எந்தக் கதையைப் பார்த்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.